ஒரு நாள் ஆள்

ஜன. 10, சனி

மூடுபனி. துபாய் குத்ரா சாலையில் பரத்தின் சைக்கிளுடைய சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. நான் காரில் பின்னால், நான்கு விளக்கையும் மினுக்கவிட்டபடி. தம்பிக்குத் துணைக்கு வண்டி ஓட்டுவதுதான் என் வார இறுதி. ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

வாங்க வேண்டியது: சமையலறைத் தராசுக்கு பேட்டரி, நான் வேலை பார்க்கும் பள்ளி நூலகத்துக்கு ஒட்டுத்தாள், அம்மாவுக்கு வெற்றிலை.

நிலவரத்தை ஒரு தடவை எழுதி வைக்கிறேன். பரத் ஒரு நாள் போட்டிக்காரன். பாலைவனக் காற்றில், சமதளத்தில், அன்றைக்கு இருப்பதையெல்லாம் கொட்டி ஜெயிப்பவன். நல்ல உடம்பு, தடித்த தொடை. மார்ச்சில் இருபத்தைந்து முடிகிறது. அதற்குப் பிறகு அப்பாவின் ஸ்பான்சரில் இந்த நாட்டில் இருக்க முடியாது. டீம் விசா கொடுத்தால் ஓட்டலாம். இல்லையென்றால் ஜெபல் அலியில், அப்பா வேலை பார்க்கும் கார்கோ கம்பெனியில், ஒரு நாற்காலி.

டீம் மேனேஜர் பிஜு சார் பாலக்காட்டுக்காரர். சொன்னதைச் சுற்றி வளைக்கவில்லை. "காத்துல ஓட்டற ஆளு எங்கிட்ட நெறைய உண்டு மோளே. பல நாள் போட்டிக்கு முன்னால நிக்கற ஆளு இல்ல. இந்த மாசக் கடைசி நாலு நாள் போட்டியில மொத்த நேரக் கணக்குல முதல் பத்துக்குள்ள வரட்டும். விசா நான் பாத்துக்கறேன்."

அதில் மூன்றாம் நாள் அல் ஐனில் ஜெபல் ஹஃபீத் ஏற்றம். மலை ஏற உடம்பு இளைக்க வேண்டும்.

ஜன. 12, திங்கள்

தராசு வேலை செய்கிறது. அம்மா முகம் வேலை செய்யவில்லை.

பரத் இன்று சாப்பிட்டது: ஓட்ஸ். வேகவைத்த கோழி. சோறு, தராசில் வைத்து, பிறகு அதிலிருந்தும் ஒரு கரண்டி எடுத்துப் போட்டுவிட்டு.

"ஏஞ்சாமி, மருந்துக்கடைக்காரன் மாதிரி நிறுத்துத் திங்கற?"

"அம்மா, ப்ளீஸ். ஒவ்வொரு கிலோவும் மலையில நான்தான் தூக்கணும்."

"உன்னையப் பத்து மாசம் நான் தூக்குனேன். எடை பாத்தா தூக்குனேன்?"

அப்பா சிரித்தார். பரத்தும் சிரித்தான். சிரித்தபோது கன்னத்தில் குழி. அது முன்பு கிடையாது.

ஜன. 15, பொங்கல்

வெயில் மென்மையாக. காலையில் பள்ளி, விடுமுறை கிடையாது. சாயங்காலம் பால்கனியில் கரும்பு, மின் அடுப்பில் பானை, துணியால் மூடி வைத்திருந்த புகை அலாரம் அப்படியும் ஒரு முறை கத்தியது. கீழ்வீட்டு பாகிஸ்தானி அம்மாள் மேலே பார்த்து, "சப் டீக் ஹே?" என்று, எல்லாம் சரிதானே என்பதுபோல், கேட்டார். அவருக்கும் ஒரு கிண்ணம் போனது.

பரத் ஒரு தேக்கரண்டி எடுத்தான். முந்திரியை ஒதுக்கினான். ஒதுக்கிய முந்திரியை அம்மா தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

ஜன. 20, செவ்வாய்

அவன் நண்பர்கள் வீட்டுக்கு வந்தார்கள். கரக் டீ, பரத்துக்கு வெந்நீர். பழைய விவாதம். ஐரோப்பாவில் மூன்று வாரம் நடக்கும் பெரிய போட்டிகளை ஒரு நாள் போட்டிக்காரன் ஜெயிக்க முடியுமா?

இம்ரான், கூட ஓட்டுபவன்: "பாய், இன்ஜின் பெருசா இருந்தா எதுவும் ஏறும். வெயிட் மட்டும் குறைக்கணும்."

இன்னொருவன்: "லாரி இன்ஜினை பைக்ல வெப்பியா?"

"அப்ப லாரியாவே மலை ஏறட்டும்."

"ஏறும். நாளைக்குக் காலையில வந்து சேரும்."

பரத் மட்டும் சிரிக்காமல் சொன்னான்: "கால் பிரச்சினை இல்லடா. மிச்சம் வெக்கிறதுதான் பிரச்சினை. எனக்கு மிச்சம் வெக்கத் தெரியாது."

அதையே நினைத்துக்கொண்டு பாத்திரம் கழுவினேன். ஒரு நாள் போட்டி சிறுகதை, மூன்று வாரம் நாவல் என்று எழுத வந்தது. எழுதிவிட்டுப் பார்த்தால் பொய்யாக இருக்கிறது. நாவல் எழுதுகிறவன் யாரும் முந்திரியை ஒதுக்குவதில்லை. உவமை கிடைத்தவுடன் எனக்குப் புரிந்துவிட்ட மாதிரி ஒரு திருப்தி வந்துவிடுகிறது. அவன் பசி அப்படியேதான் இருக்கிறது.

ஜன. 24, சனி

காற்று. கண்ணில் மணல்.

லிஃப்டில் அவன் கை என் மேல் பட்டது. மீன் கடை ஐஸ் மாதிரி. ஐந்தாவது மாடிக்குள் இரண்டு தடவை சுவரில் சாய்ந்தான்.

"போதும்டா. நிறுத்திரு."

"நிறுத்திட்டு? அப்பா ஆபீஸ்ல கன்டெய்னர் நம்பர் டைப் பண்ணணுமா?"

"பண்ணா என்ன?"

"நீ அம்மா மாதிரிப் பேசாதக்கா. நீயாவது பேசாத."

காரை ஓட்டுவேன், புட்டியை நிரப்புவேன், ஜெர்ஸி துவைப்பேன். நான் செய்வதெல்லாம் அவன் இளைப்பதற்கு உதவி. செய்யாமல் இருந்தாலும் அவன் இளைப்பான்.

அப்பா தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "எச்.ஆர்.ல அவன் வேலைக்குச் சொல்லி வெச்சிருக்கேன். அவங்கிட்டச் சொல்லாத. ஜெயிச்சா தேவையில்லைல்ல."

ஜன. 30, வெள்ளி

போட்டியின் இரண்டாம் நாள். நேற்று ஒன்றும் நடக்கவில்லை, எல்லோரும் ஒரே கூட்டமாக வந்து சேர்ந்தார்கள்.

இன்று பக்கக் காற்று. பிஜு சார் காலையிலேயே, நான் கேட்கும்படி சொன்னார்: "இன்னைக்கு உன் நாள் இல்ல. கேட்டியா? மத்தவன் முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கோ. நாளைக்கு மலை."

பாதி வழி ஒளிந்திருந்தான். பிறகு சாலை வளைந்தது, காற்று இடப்பக்கம் வந்தது. கூட்டம் சாய்வாக வரிசை கட்டித் துண்டுதுண்டாக ஆனது. அவனுக்கு மிகவும் பிடித்த காற்று. பிறந்ததிலிருந்து அவனுக்குத் தெரிந்த காற்று. தனியாகக் கிளம்பிவிட்டான்.

ஜெயித்தான்.

நான் முடிவுக் கோட்டுக்கருகில் கத்தினேன். வீட்டில் அம்மா சாமி விளக்கு ஏற்றினாளாம். பிஜு சார் அவனுக்குக் கை கொடுக்கவில்லை. துண்டை மட்டும் கொடுத்தார். மலை ஏறுபவர்களில் பலர் பின்னால் ஒருவர் நிழலில் ஒருவராக, உடம்பு நோகாமல் வந்து சேர்ந்திருந்தார்கள். இவன் முன்னால் எடுத்தது சில நொடிகள்தான்.

"ஏண்டா?"

"தெரியலக்கா. காத்து வந்துச்சு."

மேடையில் பூங்கொத்து. என்னால் அவன் தொடையைத்தான் பார்க்க முடிந்தது. உப்புப் படிந்து, தானாகத் துடித்துக்கொண்டிருந்தது.

ஜன. 31, சனி

அல் ஐன். தெளிந்த வானம், மலை முழுக்கக் கண்ணுக்குத் தெரிந்தது. தெரியாமல் இருந்திருக்கலாம்.

மேல் வளைவு ஒன்றில் நின்றேன். என் கையில் தண்ணீர் புட்டி, எனக்காகக் கொண்டு வந்தது. அந்த இடத்துக்கு மேல் யாரும் யாருக்கும் தண்ணீர் தரக்கூடாது. தந்தால் வாங்கியவன் கணக்கில் நேரத்தைக் கூட்டிவிடுவார்கள். பக்கத்திலேயே நடுவர், கழுத்தில் விசில்.

போனில் சிக்னல் இல்லை. யார் எங்கே என்று தெரியாது. முதலில் மெலிந்த பையன்கள் சிலர். பிறகு ஒரு கூட்டம், அதில் அவன் இல்லை. பிறகு இன்னொரு கூட்டம். மனம் என்னவோ கணக்குப் போட்டது: இன்னும் பத்துக்குள் இருக்கலாம், முன்னால் போனவர்களில் பாதிப் பேர் நேற்றுப் பின்தங்கியவர்கள்தானே.

வந்தான். தனியாக. சைக்கிள் இடமும் வலமும் அலைய. நெஞ்சுவரை ஜிப் திறந்து, சட்டைக்குள் விலா எலும்புகள். என்னைப் பார்த்தான். கையை நீட்டினான்.

புட்டியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

கை கொஞ்ச தூரம் நீட்டியபடியே போனது. பிறகு கைப்பிடிக்குத் திரும்பியது.

இறங்கி வரும்போது காரில் சொன்னான், கண்ணை மூடிக்கொண்டு: "குடுத்திருக்கலாம்லக்கா. அடிவாரத்துலயே எல்லாம் போயிருச்சு, நேரம் கூட்டுனா என்ன."

"எனக்குத் தெரியாதுடா."

"ம்."

துபாய் வரை தூங்கினான். புட்டி கதவுப் பக்கத்தில், வளைவு வரும்போதெல்லாம் உருண்டது.

பிப். 1, ஞாயிறு

கடைசி நாளும் ஓட்டி முடித்தான். எங்கோ கீழே. எத்தனையாவது என்று கேட்கவில்லை.

பிஜு சார் எங்கள் காருக்கே வந்தார். கண்ணாடியை இறக்கினோம்.

"இரண்டாம் நாள் பாத்தேன். அதுபோல ஓட்ட என் டீம்ல ஒருத்தனும் இல்ல. மூணாம் நாளும் பாத்தேன். நீ ஒரு நாள் ஆளாக்கும், பரத். அது குறையில்ல. காத்துப் போட்டி வந்தா நான் கூப்பிடறேன்."

"விசா, சார்?"

"வருஷத்துல இரண்டு மூணு நாளைக்கு எப்படிப்பா விசா எடுக்கறது?"

தலையாட்டினான். "தேங்க்ஸ், சார்."

கண்ணாடியை ஏற்றினேன். அது மேலே போய்ச் சேரும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிப். 3, செவ்வாய்

நூலகத்தில் புத்தகம் அடுக்கும் வேலை. ஒரு வரிகூட வாசிக்கவில்லை.

அப்பா காலையில் பரத்தின் பாஸ்போர்ட் நகலை எடுத்துக்கொண்டு போனார். மெதுவாக, சத்தம் வராமல் பையில் வைத்தார். பரத் ஷூ அலமாரியில் எதையோ தேடுவதுபோல் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

மதியம் சீக்கிரம் வந்துவிட்டேன். அம்மா கொள்ளுப் பருப்பு, அப்பளம், முட்டைப் பொரியல். பரத் வந்து உட்கார்ந்தான். தராசு மேல் அலமாரியில், மாவு டப்பாவுக்குப் பக்கத்தில். அவன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"போடட்டுமா சாமி?"

"போடும்மா."

"இன்னுங் கொஞ்சம்?"

"ம்."

சாப்பிட்டான். தலை நிமிராமல், பேசாமல், ஒரே சீராக. அம்மா சமையலறைக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. "பாத்தியா அம்மிணி. இன்னைக்குத்தான் எம் பையன் பையனாட்டச் சாப்புடறான். அந்த முருகன் கண்ணத் தொறந்துட்டான்."

ஆமாம்மா என்றேன்.

வெளியே வந்தேன். அவன் தட்டு காலி. என்னைப் பார்த்தான். ரசத்துக்குச் சோறு கேட்டுத் தட்டை நீட்டினான்.

போட்டேன்.