ஆந்தையின் முன்பல்

மார்ச் 5, வியாழன்

இன்று மேல் தாடை நான்கு, கீழ்த் தாடை இரண்டு. பல் செட் கட்டுகிறவளுக்குத் தன் வாயைத் திறக்க நேரமில்லை என்று பாலிஷ் அண்ணனிடம் அலுத்துக்கொண்டேன். “அப்பவும் திறந்துதானே இருக்கு” என்றார். பக்கத்து மேசைக்காரர். பத்து வருடமாக நான் கட்டுவதை மெருகேற்றுகிறார், நான் பேசுவதைக் கேட்டுக்கொள்கிறார். அதனால் அவருக்கு அந்த உரிமை உண்டு.

மதியம் பச்சை டப்பா வந்தது. பச்சை என்றால் சில்லு வேலை பார்க்கும் கிளினிக். சில்லு என் நாத்தனார், என் வீட்டுக்காரருடைய ஒரே தங்கை. அங்கே வரவேற்பு மேசை அவளுடையது. வாய் அச்சுகளை டப்பாவில் போட்டு, எங்கள் லேபுக்குச் சீட்டு எழுதி அனுப்புவதும் அவள்தான்.

இன்றைய சீட்டு: “ஓய்வுபெற்ற கோர்ட் எழுத்தர். மேல் தாடை, முழு செட். மெழுகு ட்ரையல் செவ்வாய்.” அவ்வளவுதான். முன்பெல்லாம் சீட்டின் மூலையில் ஒரு குட்டி ஆந்தை வரைந்திருப்பாள். எட்டு மாதமாக ஆந்தை இல்லை.

மார்ச் 6, வெள்ளி

இன்னும் இரண்டு நாள். ஞாயிறு மாலை ஆறு மணி, ‘பனிவாசல்’ கடைசிப் பகுதி. மூன்றாவது சீசனோடு கதையே முடிகிறதாம்.

பாலிஷ் அண்ணனுக்குக் கதை தெரியாது. சுருக்கமாகச் சொல் என்றார், சொன்னேன். மலை உச்சியில் ஒரு கோட்டை. அதன் வாசல் வழியாகப் பனி வரும், பனிக்குள் சாம்பல் அரசனின் படை வரும். வாசலைக் காப்பவள் ஆந்தை. முன்பல் இரண்டுக்கும் நடுவே இடைவெளி, இடுப்பில் சாவிக்கொத்து. பல் இடுக்கு வழியாக அவள் சீழ்க்கை அடித்தால் கல்பறவைகள் பறந்து வரும். பிறகு தளபதி இருக்கிறார். தளபதியைப் பற்றி மட்டும் அரை மணி நேரம் சொன்னேன் போலிருக்கிறது. “சுருக்கமா சொல்லச் சொன்னேன்” என்றார்.

தளபதி என் ஆள். ஆந்தை சில்லுவின் ஆள். முதல் சீசனிலேயே சில்லு சொன்னாள்: “அண்ணி, அந்தக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாளே இல்ல, கவனிச்சீங்களா? வெளியே இருந்துதான் சாத்த முடியும். கடைசில ஆந்தைதான் சாத்துவா. பாருங்க.” நான் விழுந்து விழுந்து சிரித்தேன். தளபதியை வைத்துக்கொண்டு ஒரு வாட்ச்மேனையா கதவைச் சாத்தச் சொல்வார்கள் என்றேன். “வாட்ச்மேன்னு சொல்லாதீங்க” என்று அரை நாள் கோபித்துக்கொண்டாள்.

அது நல்ல கோபம். அரை நாளில் தீர்ந்தது.

மார்ச் 7, சனி

இவர் சில்லு வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். நாலு தெரு தள்ளித்தான்.

“எப்படி இருக்கா?”

“நல்லாத்தான் இருக்கா.”

இவரிடம் செய்தி கேட்பதற்குச் சுவரிடம் கேட்கலாம். நாளைக்கு என்ன செய்கிறாளாம் என்று கேட்டேன், ஏதோ போகிற போக்கில் கேட்பது மாதிரி. “அதே பேய்க்கதையத்தான் பார்க்கப் போறாளாம், உன்ன மாதிரி” என்றார். பேய்க்கதையாம்! மூன்று வருடம் ஞாயிறுதோறும் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து குறட்டை விட்ட மனிதர்.

எழுதிவிடுகிறேன். எழுதாமல் எட்டு மாதம் ஓட்டியாயிற்று. அன்று சொந்தக்காரர்கள் பன்னிரண்டு பேர் எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு பனிவாசல் பக்கம் திரும்பியது. இவ்வளவையும் எப்போதுதான் பார்க்கிறாய் என்று யாரோ சில்லுவைக் கேட்டார்கள். அவள் பதில் சொல்வதற்குள் நான் முந்திக்கொண்டேன்: “அவளுக்கென்ன, ஏன்னு கேக்க வீட்டுல ஆளா இருக்கு? இஷ்டத்துக்குப் பார்க்கலாம்.” எல்லோரும் சிரித்தார்கள். அவள் கணவன் அவளை விட்டுப் போய் அப்போது ஆறு மாதம்கூட ஆகவில்லை. சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

விளையாட்டுக்குத்தான் சொன்னேன். எட்டு மாதமாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். யாரிடம்? எனக்கு நானே. அவளிடம் ஒரு தடவை போய்ச் சொல்லியிருக்கலாம், போகவில்லை. முதல் வாரம் வீம்பு. அப்புறம் வெட்கம். அப்புறம் எந்த முகத்தோடு போவது என்று தெரியவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

ஆந்தை போய்விட்டாள்.

போயிட்டாடி! நீ சொன்ன மாதிரியேதான் — யாரிடம் சொல்கிறேன் நான்? பக்கத்தில் இவர்தான் இருக்கிறார், வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார்.

முறையாக எழுதுகிறேன். பனிப்படை வாசலுக்கு வந்துவிட்டது. கதவைச் சாத்த வேண்டும், ஆனால் வெளியே நின்றுதான் சாத்த முடியும். எல்லோரும் தளபதியைப் பார்க்கிறார்கள். நானும் பார்க்கிறேன். வாளை உருவினார், மீசையைத் தடவினார், நாலு வரி வசனம் பேசினார். அப்புறம்? ஒரு அடி பின்னால் வைத்தார். பின்னால்! அந்த மீசைக்காக மூன்று வருடம் வக்காலத்து வாங்கினேன் நான். செருப்பால் என்னையே அடித்துக்கொள்ள வேண்டும்.

யாருமே ஆந்தையைப் பார்க்கவில்லை. அவள் வழக்கம்போல் சாவிகளை எண்ணினாள். எண்ணி முடித்து, கொத்தைச் சமையல்காரியின் கையில் கொடுத்தாள். “ஏழாவது சாவி கொஞ்சம் இறுக்கும், எண்ணெய் போடு” என்றாள். கடைசி வார்த்தை அதுதான். வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். சத்தமே இல்லை. பிறகு வெளியிலிருந்து ஒரு சீழ்க்கை. இன்னொன்று. அப்புறம் ஒன்றும் வரவில்லை. திரை முழுக்க வெள்ளை.

பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் டிவியை அணைத்துவிட்டேன். பார்க்க முடியவில்லை. எண்ணெய் போடு என்றாளே, அதுதான் தாங்க முடியவில்லை. போகிறவள் போகட்டும், சாவியைப் பற்றி ஏன் நினைக்க வேண்டும்?

நான் மூக்கைச் சிந்தும் சத்தத்தில் இவர் விழித்துக்கொண்டார். “என்னாச்சு, யாரு?”

“ஆந்தைங்க.”

“நம்ம ஜன்னல்லயா?”

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. போனை எடுத்தேன். சில்லுவின் பெயர் வரை போனேன். நாலு தெரு தள்ளி அவளும் அழுதுகொண்டிருப்பாள், தனியாக. ஏன் அழுகிறாய் என்று கேட்க ஆளில்லாமல்.

நான் சொன்ன வார்த்தைதான். அதே வார்த்தை. போனை வைத்துவிட்டேன்.

மார்ச் 9, திங்கள்

கண் இரண்டும் வீங்கி லேபுக்குப் போனேன். வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று பாலிஷ் அண்ணன் மெல்லக் கேட்டார். ஒரு வாசல்காரி செத்துப்போனாள் என்றேன். பாவம், உட்கார நாற்காலி போட்டுக்கொடுத்தார். டிவியில் என்று தெரிந்ததும் நாற்காலியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

கோர்ட் எழுத்தரின் பற்களை மெழுகில் அடுக்கி, மாலை பச்சை டப்பாவில் வைத்து அனுப்பினேன். கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. மனசு வேறெங்கோ.

மார்ச் 10, செவ்வாய்

ஒன்றுமில்லை. கீழ்த் தாடை மூன்று. தளபதி மேல் கோபம் தீரவில்லை.

மார்ச் 11, புதன்

இன்று நடந்ததை எழுத எனக்கே கை கூசுகிறது.

பச்சை டப்பா திரும்பி வந்தது. ட்ரையலில் ஏதாவது சிறு திருத்தம் இருந்தால் வருவதுதான். மெழுகில் இருக்கும்போதே நோயாளியின் வாயில் வைத்துப் பார்த்துவிடுவார்கள், பல்லை நகர்த்த வேண்டுமானால் அப்போதே நகர்த்திவிடலாம், அதற்குத்தானே ட்ரையல். மூடியைத் திறந்தேன். செட்டைக் கையில் எடுத்தேன்.

முன்பல் இரண்டுக்கும் நடுவே அழகான ஒரு இடைவெளி. அளவெடுத்து வைத்ததுபோல. நான்தான் வைத்திருக்கிறேன். இருபது வருட அனுபவம்!

சீட்டு, அவள் கையெழுத்தில்:

“நடுவில் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி உள்ளது. நோயாளி கேட்கவில்லை. டாக்டரும் கேட்கவில்லை. யாருடைய பல் என்று எனக்குத் தெரியும். போட்டுப் பார்த்த எழுத்தர் ‘சரிங்க சார், சாயங்காலம் வரேன்’ என்றார். ஒவ்வொரு ‘ச’வுக்கும் ஒரு சீழ்க்கை. நான் மேசைக்கு அடியில் பேனா தேடுவதுபோல் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். உடனே திருத்தி அனுப்பவும்.”

திருப்பினேன். பின்பக்கம் சின்ன எழுத்தில்:

“பெயரெல்லாம் ஓடி முடியும்வரை பார்த்தீர்களா, அண்ணி?”

அண்ணி! எட்டு மாதத்துக்குப் பிறகு. பாலிஷ் அண்ணன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். “இன்னிக்கு யாரு செத்தது?” யாரும் இல்லை, சீட்டு வந்திருக்கிறது என்றேன்.

பெயர்கள் ஓடி முடிந்த பிறகு ஏதோ இருந்திருக்கிறது. நான் அணைத்துவிட்டேன். மடச்சி! போனில் தேடினால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். பாலிஷ் அண்ணனே தேடித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்று அவர் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். அவள் கேட்ட கேள்விக்கு இன்டர்நெட்டில் பதில் பார்த்துக்கொண்டு போகக் கூடாது.

மார்ச் 12, வியாழன்

பற்களைச் சேர்த்து அடுக்கினேன். மூன்று தடவை சரிபார்த்தேன். டெலிவரிக்காரரிடம் கொடுக்காமல் நானே எடுத்துக்கொண்டு போனேன். கிளினிக் படியில் நின்று என்ன சொல்வது என்று நாலு விதமாக ஒத்திகை பார்த்தேன். நாலும் உள்ளே போனதும் மறந்துபோயிற்று.

மேசைக்குப் பின்னால் அவள். தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாள். இவர் இதைச் சொல்லவே இல்லை பாருங்கள்.

டப்பாவை மேசைமேல் வைத்தேன். “இடைவெளி அடைச்சாச்சு” என்றேன்.

“தெரியுது.”

“சில்லு, அன்னிக்கு நான் சொன்னது தப்பு. விளையாட்டுக்குச் சொன்னேன்னு சொல்ல வரல. தப்பு. எல்லார் முன்னாடியும் உன்ன அசிங்கப்படுத்திட்டேன். மன்னிச்சிடு.”

காத்திருந்த நோயாளிகள் ஐந்து பேரும் வார இதழிலிருந்து தலையைத் தூக்கினார்கள். இருக்கட்டும், பன்னிரண்டு பேர் முன்னால் பேசிய வாய், ஐந்து பேர் முன்னாலாவது மன்னிப்புக் கேட்கட்டும் என்று நின்றேன்.

அவள் டப்பாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள். “இதைச் சொல்ல எட்டு மாசமா அண்ணி?” என்றாள். குரல் உடைந்துவிட்டது. “வாராவாரம் அண்ணன் மட்டும் வந்தாரு. ஒவ்வொரு தடவையும் பின்னாடி நீங்களும் வர்றீங்களான்னு பார்ப்பேன்.”

எனக்கு வாயே எழவில்லை. எனக்கு! பாலிஷ் அண்ணன் பார்த்திருக்க வேண்டும்.

அப்புறம் அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். “சரி, அத விடுங்க. கதவ யாரு சாத்தினது?”

“ஆந்தை.”

“யாரு சொன்னது?”

“நீதான்டி சொன்ன, முதல் சீசன்லயே.”

“தளபதி என்ன பண்ணாரு?”

“அந்த ஆளப் பத்திப் பேசாத.”

அவள் சிரித்த சிரிப்பில் டாக்டர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். பெயர்கள் வந்ததும் அணைத்துவிட்டதைச் சொல்லி, பிறகு என்ன வந்தது என்று கேட்டேன். சொல்ல மாட்டாளாம். ஞாயிறு அதே ஆறு மணிக்கு மறுஒளிபரப்பு. “வந்து உங்க பக்கத்துல உக்காந்து, அணைக்க விடாம ரிமோட்ட நான் வச்சுக்கறேன்.”

மார்ச் 13, வெள்ளி

கோர்ட் எழுத்தருக்குச் செட் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டதாம். ஆனால் சீழ்க்கை போனதில் அவருடைய பேரப்பிள்ளைகளுக்கு வருத்தமாம். சீட்டில் எழுதியிருந்தாள்.

மூலையில் ஆந்தை. பல்லோடு.

மார்ச் 15, ஞாயிறு

ஐந்தரைக்கே வந்துவிட்டாள். பிஸ்கட் டப்பாவும் ஒரு பெட்டி டிஷ்யூவுமாக. இவர் வழக்கம்போல் எங்களுக்கு நடுவில் உட்கார வந்தார். இரண்டு பேருமாகச் சேர்ந்து ஓரத்துக்குத் தள்ளினோம்.

தெரிந்த கதைதான், இருந்தும் ‘எண்ணெய் போடு’ வந்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் டிஷ்யூவை இழுத்தோம். கதவைச் சாத்தினாள். இரண்டு சீழ்க்கை. வெள்ளைத் திரை. பெயர்கள் ஓடின. ஓடிக்கொண்டே இருந்தன. குதிரைக்குப் புல் போட்டவர் பெயர்கூட விடாமல். என் கை ரிமோட் பக்கம் போனபோதெல்லாம் தட்டிவிட்டாள்.

எல்லாம் முடிந்து திரை கறுத்த பிறகு, படம் ஒன்றும் இல்லை, எங்கோ தொலைவில் ஒரே ஒரு சீழ்க்கை. அப்புறம் ஒரு கல்பறவையின் சிறகடிப்பு.

“உயிரோட இருக்கா!” கத்தினேன். நான் கத்தியதில் இவர் சோபாவிலிருந்து விழப் பார்த்தார். “யாரு இருக்கா?” என்றார். யார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் சொல்லப் பொறுமை இல்லை. ஒரு மணி நேரம் ஒருவரை ஒருவர் பேசவிடாமல் பேசினோம். நாலாவது சீசன் வரும் என்கிறாள். வந்தே தீரும் என்கிறேன். இந்தத் தடவை நான் தளபதி பக்கம் இல்லை.

எட்டு மணிக்குக் கிளம்பினாள். நாலு தெருதானே, நடந்தே போகிறேன் என்றாள். பத்து நிமிடம் கழித்துப் போன் போட்டேன்.

“போய்ச் சேர்ந்துட்டியா? கதவு சாத்தினியா?”

எதற்குக் கேட்கிறேன் என்று அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

“சாத்திட்டேன் அண்ணி” என்றாள். “உள்ளே இருந்து.”