மாத்திரையைத் தொடுவதற்கு முன்

என் செல்லத் தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவும் நானும் சுகமாகத்தான் இருக்கிறோம். நீயும் சுகம் என்று நம்புகிறேன் என எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போக இந்த முறை மனம் வரவில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய்தான் குறையவில்லை, டாக்டரைக் கல்யாணம் கட்டியும் தைலத்தைத் தானே தேய்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று வருகிறவர்களிடமெல்லாம் அங்கலாய்க்கிறார். நேற்று மருமகள் போனில் பேசினாள். அவருக்கு இளைப்பு விடவே இல்ல அத்தை, இருபத்தெட்டாம் தேதியிலேருந்து ஒரு மாசம் ஸ்டெராய்டு மாத்திரை குடுக்கப் போறாங்க என்றாள். பேச்சோடு பேச்சாக, உன் இடுப்பில் கோடு மாதிரி ஓர் அரிப்பு வருகிறது, காலையில் ஓரிடம் மாலையில் வேறிடம் என்று சொல்லிச் சிரித்தாள். போனை வைத்ததும் இந்தத் தாளை எடுத்து உட்கார்ந்துவிட்டேன். போனில் மருந்துப் பேச்செடுத்தால், அம்மா, நீ ரிட்டயர் ஆயிட்டே என்று சொல்லி வைத்துவிடுவாய், அதோடு இதை வாயால் சொல்ல எனக்குத் தைரியமும் இல்லை.

ஆஸ்பத்திரித் தோட்டக்காரரை மண்ணு மாமா என்று கூப்பிடுவாயே, நினைவிருக்கிறதா? நான் வார்டுக்குப் போகும்போதெல்லாம் உன்னை அவரிடம்தான் விடுவேன். இருவரும் வெறுங்காலோடு பாத்திக்குள் நின்று மண்ணைக் குழைப்பீர்கள், செருப்பு அழுக்காகும் என்று கழற்றி வைத்தவளே நான்தான். அவருக்கும் இதே இளைப்பு, இதே ஊர்ந்துபோகும் அரிப்பு. வெயில்ல நின்னா அப்படித்தான் என்று சொல்லிவிட்டு அதே மாத்திரையை என் கையால் கொடுத்தேன். இளைப்பு கூடியது, நான் மாத்திரையைக் கூட்டினேன். பதினேழாம் நாள் ரத்தமாக இருமி இருமிப் போய்விட்டார். நிமோனியா என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் மனைவி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, பெத்த பொண்ணு மாதிரி பாத்தீங்கம்மா, அவர் விதி அவ்வளவுதான் என்று அழுதார்.

இரண்டு வருஷம் கழித்து, வெப்பமண்டல நோய்களைப் படிக்கப் போன இடத்தில் யாரோ ஒருவருடைய சளியை மைக்ரோஸ்கோப்பில் காட்டினார்கள். நூலிழை போன்ற புழுக்கள் நெளிந்தன. மண்ணிலிருந்து பாதம் வழியாக ஏறும், உள்ளேயே பெருகி முப்பது நாற்பது வருஷம் சத்தமில்லாமல் இருக்கும், ஸ்டெராய்டு கொடுத்தால் கட்டவிழ்த்துக்கொண்டு நுரையீரலை நிறைத்துவிடும் என்றார் பேராசிரியர். விதியில்லை தம்பி, நான்தான். அதன்பிறகு காலமெல்லாம் காய்ச்சல் வார்டே கதி என்று கிடந்தேன், அர்ப்பணிப்பு என்று கேடயம் கொடுத்தார்கள், அது வெறும் பயம். இன்றும் அடுத்த அறையில் யாராவது இருமினால் மண்ணு மாமாதானோ என்று திரும்பிப் பார்க்கிறேன். அப்பாவுக்குக்கூட இது தெரியாது.

அதனால் மாத்திரையைத் தொடாதே. முதலில் ரத்தமும் மலமும் சோதிக்கச் சொல், மலத்தில் ஒருமுறை இல்லை என்று வந்தால் நம்பிவிடாதே. புழு இருந்தால் இரண்டு நாள் மருந்தில் ஒழிந்துவிடும். உன் டாக்டருக்குத் தனித்தாளில் எழுதி இதனுள் வைத்திருக்கிறேன், கிழவி உளறுகிறாள் என்று அவர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். சின்ன வயதில் எந்த மண்ணில் விளையாடினாய் என்று அவர் கேட்கமாட்டார். நானும் கேட்காதவள்தான். நீயாகவே சொல்.

நீ நோய்நொடியில்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும், பேத்திக்கு என் முத்தம். சோதனைக்குக் கொடுத்த அன்றே மறக்காமல் போன் செய். என்னைத் திட்டுவதற்காக என்றாலும் சரி, உன் குரல் கேட்டால் போதும்.

ஆசிகளுடன்,
உன் அம்மா