மூன்று கோடு

ஆமாம் இளமதி, நேரக் கூலி வேண்டுமென்று நான்தான் கேட்டேன். போனில் நீ விசாரித்தபோது பேச்சை மாற்றிவிட்டேன், அதனால் எழுதுகிறேன். இங்கே அப்பாவும் நானும் இருக்கிறோம், அவர் இருமல் குறைந்திருக்கிறது, புனேயில் உன் உடம்புக்கும் ஒரு குறையும் வராதிருக்கட்டும்.

சித்திரையில் வந்தபோது நீ சொன்னாய், ஒரு பொருளின் மதிப்பு அதில் போன உழைப்பின் நேரம்தான், அதில்தான் முதலாளி கை வைக்கிறான் என்று. இருபது வருடமாக எனக்குள் கிடந்ததற்கு யாரோ பெயர் வைத்தது போல இருந்தது. கம்பெனியில் சுடாத பச்சைப் பொம்மைக்கு ஓரம் சீவுவோம், யார் சீவியது என்று தெரிய அடியில் ஆணியால் அவரவர் குறி கீறுவோம், சூளையிலிருந்து முழுசாக வருவதற்கு மட்டும் கூலி. வெடித்த பொம்மையில் என் காலைப்பொழுது எங்கே போனது? சூப்பர்வைசர் பூபாலனிடம் தனியாகப் போய் அதைத்தான் கேட்டேன், நேரத்துக்குக் கூலி கொடுங்கள் என்றேன். ஒரு மாதத்தில் சரி என்றார்கள். செல்போனில் நேரம் பார்த்து, எல்லோர் வேகத்தையும் சேர்த்துச் சராசரி போட்டு, மணிக்கு இத்தனை பொம்மை என்று வைத்தார்கள். குறைந்தால் வேலை இல்லை. குறி கீறுவது நின்றது, ஆளுக்கொரு தட்டு வந்தது, அவரவர் தட்டில் இருப்பதுதான் அவரவர் கணக்கு.

உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. எங்களோடு ஓரம் சீவும் அமிர்தத்துக்கு மூன்று வருடமாக விரல் மடங்குவதில்லை. அவள் குறி மூன்று கோடு. பக்கத்தில் உட்காரும் திரௌபதியும் நானும் தினம் பத்துப் பொம்மையிலாவது எங்கள் குறிக்குப் பதில் மூன்று கோடு கீறிவிடுவோம். அதைப் பற்றி யாரும் பேசியதில்லை. அமிர்தம் மட்டும், இன்னிக்கும் என் கோடு குட்டி போட்டிருக்குதுடி என்பாள். தட்டு வந்த எட்டாம் நாள் அவளை நிறுத்திவிட்டார்கள். எந்த மவராசி நேரத்தப் பத்திப் பேசுனாளோ, அவ நல்லா இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அடுத்த பொம்மையை எடுத்து ஓரம் சீவினேன்.

உன்மேல் கோபமில்லை. நீ சொன்னது தப்பென்றும் தோன்றவில்லை. மெதுவான கைக்கு அந்தக் கணக்கில் எங்கே இடம் என்று மட்டும் உன் தோழர்களைக் கேட்டு எழுது. என் கை இப்போதும் ஆணியைத் தேடுகிறது.

வேளைக்குச் சாப்பிடு, மழையில் நனையாதே. பழமலைநாதர் உனக்குத் துணையிருக்கட்டும். அப்பாவின் பிறந்தநாளுக்குப் போன் செய்ய மறக்காதே.

உன் அம்மா
பூங்கோதை

இதை ஒட்டாமல் வைத்துவிட்டு அமிர்தம் வீட்டுக்குப் போனேன். நான்தான் என்று சொன்னேன். திரும்பி வந்து ஒட்டினேன்.