அந்தக் கையுறையைக் கழற்றுங்கள்

என் ஆசை அக்காவுக்கு,

நீங்கள் கண்ணை மூடி மூன்று வருடம் ஆகிறது. இத்தனை நாளும் உங்களோடு மனதுக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தேன். இந்த வாரம் நடந்ததை அப்படிச் சொல்லி ஆறாது, எழுதத்தான் வேண்டும்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இந்த மொன்ட்ரியால் தொழிற்சாலைகளில் குண்டும் விமானப் பாகமும் செய்த பெண்களுக்காக ஒரு நினைவு நாணயம் வரப்போகிறது. அதில் பொறிக்கும் படம் சரிதானா என்று பார்க்கும் குழுவில் என்னையும் போட்டார்கள். இன்றைக்கும் இயந்திரத்தில் நிற்கிற ஒரு பெண் வேண்டுமாம். என் பெயரைக் கொடுத்தவர் அதே குழுவில் இருக்கிற சுந்தரம் ஐயா. கோட்-டெ-நெய்ஜில் எங்கள் கட்டடத்து மூன்றாம் மாடிச் சென்னைக்காரர், ஓய்வுபெற்ற எஞ்சினியர், ஞாபகம் இருக்கிறதுதானே?

செவ்வாய்க்கிழமை கூட்டம். திரையில் படத்தைப் போட்டார்கள். துளையிடும் இயந்திரத்தின் முன் ஒரு பெண் நிமிர்ந்து நிற்கிறாள். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு மட்டும் கை எழவில்லை. அவள் இரண்டு கையிலும் கையுறை போட்டிருந்தாள் அக்கா.

சுற்றுகிற இயந்திரத்துக்கு முன்னால் கையுறையா? ஒரு நூல் மாட்டினால் போதும், கையையும் சேர்த்து இழுத்துவிடும். இது உங்களைவிட யாருக்குத் தெரியும்? டோர்வல் பக்கத்துப் பட்டறையில் நமது முதல் குளிர்காலம். யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா ஒவ்வொரு முறையும் தொலைபேசியில் "கையுறை போடுங்கோ பிள்ளையள், கை விறைச்சுப் போகும்" என்பா. பட்டறைக்குள்ளும் குளிர்தான். குளிர்நாட்டில் கையுறையைக் கழற்றச் சொல்லுவார்கள் என்று நாம் கனவிலாவது நினைத்தோமா? சுவரில் எச்சரிக்கை இருந்தது, பிரெஞ்சில். படிக்கத் தெரியாமல் அதற்குக் கீழேயே தினமும் கோட்டை மாட்டினோம். இரண்டாவது வாரம் உங்கள் இடது கையில் இரண்டு விரல் போனது.

நான் எழுந்தேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், அந்தக் கையுறையைக் கழற்றுங்கள் என்றேன். உங்கள் விரல்கள் எப்படிப் போயின என்றும் சொன்னேன். வெள்ளிக்கிழமை நாணய அச்சு வெட்டுவதற்குப் படம் போயாக வேண்டும், இனி மாற்ற நேரமில்லை என்றார் குழுத் தலைவி. ஐயா என் பக்கம் குனிந்தார்.

"விடுங்கம்மா, இது ஆர்ட். நம்மாளுங்களுக்கு இப்பதான் ஒரு சீட் குடுத்திருக்காங்க. நீங்களே கெடுத்துக்காதீங்க."

"சீற் போனாப் போகட்டும் ஐயா. உதைப் பாத்து நாளைக்கு ஒரு புதுப் பிள்ளை கையுறையோட மெசினுக்குக் கிட்டப் போனா ஆர் பொறுப்பு?"

நான் உட்காரவில்லை. எந்தப் புகைப்படத்தைப் பார்த்து வரைந்தீர்கள், அதைக் காட்டுங்கள் என்று கேட்டேன். வரைந்த தாடிக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. தலைவியைப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கணினியைத் திறந்தார்.

பழைய கறுப்பு வெள்ளைப் படம். அதே பெண், அதே இயந்திரம். தலையில் துணி கட்டியிருக்கிறாள். கையில் ஒன்றும் இல்லை, வெறும் கை. அந்த இடது கையில், உங்கள் கையைப் போலவே, மோதிர விரலும் சுண்டு விரலும் இல்லை.

கௌரவமாக இருக்கட்டும் என்றுதான் மூடினோம் என்றார் தலைவி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைக்குக் கௌரவம் என்று பெயர்! அவள் வேலை செய்தது அந்தக் கையால்தானே, நாணயமும் அந்த வேலைக்குத்தானே என்று கேட்டேன். கடைசியில் வாக்கெடுத்தார்கள். ஏழு பேரில் நான்கு பேர் என் பக்கம். நான்காவது கையை மெல்லத் தூக்கியவர் சுந்தரம் ஐயாதான்.

வியாழக்கிழமை காலையில் தாடிக்காரர் தொலைபேசி எடுத்தார். பழைய படத்தில் விரல் இல்லாத இடம் மங்கலாக இருக்கிறதாம், ஊகித்து வரைய மனம் வரவில்லையாம். உங்கள் அக்காவின் கை தெரிகிற படம் ஒன்று கிடைக்குமா என்று கேட்டார். இதென்ன பெரிய காரியம், பின்னேரம் கொண்டுவருகிறேன் என்றேன்.

வேலைக்குப் போகாமல் எல்லா ஆல்பத்தையும் இறக்கிவைத்துத் தேடினேன். பிறந்தநாள், பொங்கல், உங்கள் மகனின் பட்டமளிப்பு. ஒன்றிலும் உங்கள் இடது கை இல்லை அக்கா. சேலைத் தலைப்புக்குள் இருக்கிறது, பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, பூத்தட்டுக்குக் கீழே இருக்கிறது. என் கல்யாணப் படத்தை எடுத்ததும் என் குரலே எனக்குக் கேட்டது. "அக்கா, கையைக் கொஞ்சம் கீழ விடுங்கோ, படத்தில விழப்போகுது." நீங்கள் சிரித்துக்கொண்டே கீழே விட்டீர்கள். கூட்டத்தில் வாய் கிழியப் பேசிய நான்தான் உங்களுக்கு முதலில் கையுறை போட்டவள்.

வெறுங்கையோடுதான் போனேன். அவர் மேசையில் என் இடது கையை வைத்து இரண்டு விரலையும் மடக்கினேன். எந்த மூட்டோடு நின்றது, தையல் எப்படி ஓடியது, குளிர் கூடினால் எந்த இடம் சிவக்கும் என்று சொல்லச் சொல்ல அவர் வரைந்தார். ஒன்றுகூட எனக்கு மறக்கவில்லை. நேற்று படம் அச்சுக்குப் போய்விட்டது.

அன்றைக்குக் கையைக் கீழே விட்டபோது உங்களுக்கு எப்படி இருந்தது? ஒரு தடவையாவது என்னைத் திட்டியிருக்கக் கூடாதா? திட்டியிருந்தால் இப்போது இவ்வளவு வலிக்காது.

உங்கள் பேரப்பிள்ளைகள் அப்பம்மாவின் கையைப் பற்றிக் கேட்டால், சின்ன அக்சிடென்ட் என்று இனிப் பேச்சை மாற்ற மாட்டேன். பட்டறையில் நடந்ததைச் சொல்வேன். கல்யாண மண்டபத்தில் நான் செய்ததையும் சொல்வேன். இது சத்தியம் அக்கா.

அந்தக் கல்யாணப் படத்தில் உங்களுக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிற
உங்கள் தங்கச்சி,
வசந்தி