தோள்வரை வராத கை

வகுப்பறை அலுமாரியைத் திறந்ததும் பைண்டர் கம் பசை மணம் முகத்தில் அடித்தது. மாரி மழையில் ஊறிய பிறிஸ்டல் மட்டையின் மணமும் அதோடு சேர்ந்திருந்தது. வழக்கமாக அந்த இடத்தில் நீ நின்று, "பாத்துத் திற புள்ள, எல்லாம் கொட்டிப்போகும்" என்பாய். நேற்றைக்குச் சொல்ல ஆளில்லை, எல்லாம் கொட்டியது. கலியாணக் கார்ட்டுகளின் பின்பக்கத்தில் நீ வரைந்த நண்டுகள், இறால்கள், சோடா மூடிகள், நூல் கட்டிய ஐஸ்பழக் குச்சிகள். நிலத்தில் குந்தி ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். தர்சினிக்கென்று நீ செய்தவற்றைத் தனியாக எடுத்து ஒரு பையில் போடத்தான் அலுமாரியைத் திறந்தேன். அவள் பள்ளிக்கூடத்தை விட்டுப் போகிறாள். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

அவளை உன் வகுப்பில் கொண்டுவந்து விட்ட காலையை நினைத்துப் பார்க்கிறேன். உன் ஸ்கூட்டியில் வாவிப் பாலத்தைத் தாண்டிப் படுவான்கரைப் பள்ளிக்கூடத்துக்கு நாமிருவரும் போய்வரத் தொடங்கிய புதிது. காது கேளாத மகளைக் கையில் பிடித்தபடி தாய் வாசலில் நின்றாள். "வாய் பேசாத புள்ள டீச்சர். படிக்காட்டியும் பரவாயில்ல, மத்தப் புள்ளைகளோட சும்மா இரிக்கட்டும்" என்றாள். நீ அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு, "சும்மா இரிக்க இஞ்ச இடமில்லக்கா" என்றாய். தாய்க்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எனக்கும்தான். எங்கள் பள்ளிக்கூடத்தில் சைகை மொழி தெரிந்தவர் ஒருவரும் இல்லை. பயிற்சி தருகிறோம் என்றார்கள். தருவார்கள், தருவார்கள் என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். உனக்குப் பொறுமை ஏது?

கிரானில் வட்டைக்குள் பிறந்து வளர்ந்த உனக்கு நெல்லைத் தெரியும், வாவியைத் தெரியாது. ஆண் நண்டையும் பெண் நண்டையும் பிரித்துக் காட்டியது தர்சினிதான். தகப்பன் வலை வீசுவதை அவள் கையால் செய்து காட்ட, நீ அதையே கூட்டலுக்கு வைத்துக்கொண்டாய். வலையை விரித்துப் போட்டு, இழுத்து ஒன்றாக்கினால் கூட்டல். பிடியிலிருந்து நண்டு நழுவி ஓடினால் கழித்தல். தோணியைக் கவிழ்த்து வைத்தால் வேலை முடிந்தது. தண்ணீரைக் கலக்குவதுபோல் கையை வைத்துச் சுழற்றினால் விளங்கவில்லை என்று பொருள். இந்தக் கடைசிச் சைகையை முழு வகுப்பும் பிடித்துக்கொண்டது. என் வகுப்புக்கும் பரவி, நான் பாடம் நடத்தும்போது பின்வரிசை முழுவதும் கலக்கிக்கொண்டு நிற்கும். உன்னால் வந்த வினை என்று உன்னைத் திட்டியிருக்கிறேன்.

குறைபாடுள்ள பிள்ளைகளையும் சேர்த்துப் படிப்பிக்கும் உட்படுத்தற் கல்விக் கையேடுகள் எங்கள் போனுக்கு வந்து விழும். சாப்பாட்டு நேரத்தில் நீ அவற்றை ஒன்று விடாமல் வாசிப்பாய். வாசித்து முடித்து, "நல்லாத்தான் எழுதியிரிக்காங்க. ஆனா தர்சினிய இவங்க காணல்ல" என்பாய். அதற்காக அவற்றை ஒதுக்கியும் வைக்கமாட்டாய். படம் பெரிதாக இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தால் அன்றைக்கே நண்டுகளைப் பெரிதாக்கி வரைந்துவிடுவாய்.

கணிப்பீட்டு விஷயத்தில்தான் நமக்குள் ஓயாத சண்டை. விளங்கினதா என்று நான் கேட்பேன், பிள்ளைகள் தலையாட்டுவார்கள், நான் சரி போட்டுவிடுவேன். நீ என் மேசையடியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தலையாட்டுறதுக்குப் புள்ளி போடாத கா. ஆட்டாட்டி நீ விடமாட்டாய் எண்டுதான் ஆட்டுறாங்க. செய்து காட்டச் சொல்லு" என்பாய். செய்யத் தெரியாத பிள்ளைக்கு நீ முகம் சுளித்ததில்லை. கார்ட்டுகளைத் திரும்ப அடுக்கி முதலிலிருந்து தொடங்குவாய். ஒரே கணக்கை எத்தனை தரம் தொடங்குவாய் என்று எரிச்சலில் கேட்டதற்கு, "அவ இஞ்ச இரிக்கும் வரைக்கும்" என்றாய். நீ இருக்கும் வரைக்கும் என்று சொல்ல உனக்கோ எனக்கோ தோன்றவில்லை.

போன மாரியில், வெள்ளம் பாலத்தடியில் நின்ற நாட்களில், நீ ஆஸ்பத்திரியில் கிடந்தாய். காய்ச்சல் என்று போனவள் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாய். வாயையும் மூக்கையும் மூடிக் குழாய் போட்டிருந்தார்கள். பேச முடியவில்லை. நான் கட்டிலருகே போனதும் என் இடது கையைப் பிடித்து விரித்தாய். உள்ளங்கையில் விரலால் சின்ன வட்டம் ஒன்று போட்டாய். என் விரல்களை மடித்து மூடினாய். பிறகு அந்தக் கையை எங்கேயோ தூக்கப் பார்த்தாய். பாதியில் உன் கை சோர்ந்து விழுந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பயத்தில் ஓம், ஓம் என்று தலையாட்டினேன். தலையாட்டும் பிள்ளைகளைப் பார்க்கும் அதே பார்வையை என் மேல் வைத்தாய். திரும்பத் தொடங்க வேண்டும் என்று என் விரல்களைப் பிரித்தாய். அதற்குள் தாதி வந்து என்னை வெளியே போகச் சொன்னாள். அடுத்த நாள் உன்னைப் பெட்டியில் வைத்துக் கிரானுக்குக் கொண்டுபோனார்கள்.

உன் வகுப்பை என்னிடம் தந்தார்கள். முதல் கிழமையிலேயே தர்சினி அந்தச் சைகையைக் காட்டினாள். இடது உள்ளங்கையில் வட்டம் போட்டு, கையை மூடி, தூக்கித் தோளில் வைத்தாள். நீ தூக்கப் பார்த்தது தோளுக்குத்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. ஆனால் என்ன சொல்கிறாள்? கலக்கிக் காட்டினேன். அவள் அதையே திரும்பக் காட்டினாள். தாயைக் கேட்டேன். "அது அந்த டீச்சரோட மட்டும்தான் காட்டுவா" என்றாள். பிள்ளைகளைக் கேட்டேன், அவர்களுக்கும் தெரியவில்லை. போனில் வீடியோ வீடியோவாகச் சைகை மொழி பார்த்தேன். அங்கே முறையான சைகைகள் இருக்கின்றன, உங்கள் இருவருடையது இல்லை. ஒரு தாளில் கிறுக்கியாவது வைத்திருக்கக் கூடாதா? எனக்கு உன் மேல் கோபம். செத்தவளோடு கோபித்து என்ன பயன் என்றும் தெரிகிறது, ஆனாலும் கோபம்.

இந்தத் தவணை ஆசிரிய ஆலோசகர் வந்து தர்சினியைக் கணிப்பிட்டார். நல்ல மனிதர், குறை சொல்ல மாட்டேன். உன் கார்ட்டுகளை வைத்ததும் வலையை இழுத்தாள், நண்டை ஓடவிட்டாள், எல்லாம் சரி. பிறகு அவர் வாசித்துச் செய்யும் வசனக் கணக்குத் தாளை வைத்தார். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, வட்டம் போட்டு, கையை மூடித் தோளில் வைத்தாள்.

"என்ன சொல்லுறா?" என்று கேட்டார்.

"தெரியாது சேர்."

அவர் எழுதிக்கொண்டார். அவளுடைய மொழி தெரிந்தவர்கள் இங்கே இல்லை, பட்டணத்தில் காது கேளாதோர் பள்ளியில் விடுதியோடு சேர்ப்பதே நல்லது என்று தாயிடம் சொன்னார். நான் எதிர்த்து என்ன சொல்ல? அவர் சொன்னது உண்மைதானே. அங்கே அவளைப்போல் பிள்ளைகள் இருப்பார்கள், முறையாகச் சொல்லிக் கொடுப்பார்கள். ஒருவேளை சந்தோசமாகவும் இருப்பாள். தகப்பன் ஒரு கிழமை தொழிலுக்குப் போகவில்லை. தாய் என்னிடம் வந்து, அனுப்பட்டா டீச்சர் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. நீ இருந்தால் உன்னிடம் கேட்டிருப்பேன்.

ஆஸ்பத்திரிக்கும் அந்த வசனக் கணக்குக்கும் ஒன்றாகப் பொருந்தும் சொல் எது என்று சமைக்கும்போதும் பஸ்ஸில் போகும்போதும் யோசிக்கிறேன். திரும்பச் சொல்லு என்பதா? பக்கத்தில் இரு என்பதா? எனக்குப் பயமாக இருக்கிறது என்பதா? கடைசியாகச் சொன்னதுதான் என்றால், நான் தலையாட்டிவிட்டு வந்ததை என்னால் தாங்க முடியாது. சைகையை நான் சுமந்து திரிகிறேன். பொருள் அவளோடு பஸ் ஏறப்போகிறது.

இன்று காலை விடுகைப் பத்திரம் எடுக்கத் தாயும் மகளும் வந்தார்கள். பையைக் கொடுத்தேன். நண்டுக் கார்ட்டை வெளியே எடுத்துப் பார்த்துச் சிரித்தாள். பையைத் தோளில் கொழுவிக்கொண்டு கேற் வரைக்கும் போனவள், தாயின் கையை உதறிவிட்டுத் திரும்பி ஓடிவந்தாள்.

என் இடது கையைப் பிடித்து விரித்தாள். உள்ளங்கையில் சின்ன வட்டம் போட்டாள். விரல்களை மடித்து மூடினாள். மூடிய கையைத் தூக்கி என் தோளில் வைத்தாள். வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். தலையாட்டியிருந்தால் நிம்மதியாகப் போயிருப்பாள். பஸ் வரும் நேரம் என்று கேற்றடியில் தாய் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. மற்றக் கையால் தண்ணீரைக் கலக்கிக் காட்டினேன்.

அவள் முகம் சுளிக்கவில்லை. என் கையைத் தோளிலிருந்து இறக்கி, விரல்களைப் பிரித்து, முதலிலிருந்து தொடங்கினாள்.