வடிவு ஏன் உள்ளே போனாள்?

என் செல்ல அக்கா,

போன இடத்திலாவது உன் முட்டிவலி விட்டதா? இங்கே உன் கறுப்பாடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. உன் மகள் கயல் பெரம்பலூரில் நர்சிங் படிக்கிறாள். இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா.

அரியலூர் பஸ் ஸ்டாண்டுக் கடையில் ஒரு நாவல் வாங்கி வந்து, படி படி என்று என் உயிரை எடுத்தாயே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். எழுதியவர் நம் பக்கத்து ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்பாய். இல்லாவிட்டால் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி போடும் முன் சங்கு ஊதினால் நாம் என்ன செய்வோம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? எல்லாம் விரிசல் விட்ட சுவர்கள், அதனால் எல்லாரும் தெருவுக்கு வந்துவிட வேண்டும். வீட்டுக்குப் பெரியவள் ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவாள். அவரவர் "வெளிய இருக்கேன்" என்று குரல் கொடுக்க வேண்டும்.

நாவலில் வடிவும் அப்படித்தான் கூப்பிடுகிறாள். பழக்க தோஷத்தில், செத்துப்போன தன் அம்மாவையும் சேர்த்துக் கூப்பிட்டுவிடுகிறாள். ஆளில்லாத வீட்டுக்குள்ளிருந்து பதில் வருகிறது: "உள்ள இருக்கேன்." அதற்குப் பிறகு ஒவ்வொரு வெடிக்கும் அந்தக் குரல் வாசல் பக்கம் நகர்ந்து வருகிறது. ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்ததாம். அது போகவே இல்லையாம், கல்லை வெட்ட வெட்ட விழித்துக்கொள்கிறதாம். கடைசியில் ஒருநாள் சங்கு ஊதியதும் வடிவு தன் மகளைத் தெருவில் நிறுத்திவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். வெடி ஓய்ந்து கதவை உடைத்துப் பார்த்தால் யாரும் இல்லை. தரையெல்லாம் உப்புத் தண்ணீர்.

படித்துவிட்டு எனக்கு வந்ததே ஓர் ஆத்திரம்! "பெத்த புள்ளைய நடுத்தெருவுல வுட்டுட்டுப் போறவள்லாம் ஒரு பொம்பளையாக்கா?" என்று உன்னிடம் சண்டைக்கு வந்தேன். நீ மொச்சை உரித்துக்கொண்டே, "அடி போடி, சரியா படிக்காம பேசுற. மறுபடி படி" என்றாய். "இந்தக் கருமத்த ஒரு தடவ படிச்சதே போதும்" என்றேன். வடிவைப் பற்றி நாம் பேசியது அதுதான் கடைசி. அப்புறம் உனக்கு ஆஸ்பத்திரி வாசம், அப்புறம் நீயே இல்லை.

உன் காரியம் முடிந்த கையோடு ஒருநாள் சங்கு ஊதியது. இனி வீட்டுக்குப் பெரியவள் நான்தானே? என் வீட்டுக்காரர் அந்த நேரம் லாரியில் எங்கேயோ இருப்பார். கயல் பேரைச் சொன்னேன். அதே மூச்சில் "யக்கா!" என்றும் கூப்பிட்டுவிட்டேன். பழகின வாய் அக்கா, என்ன செய்வேன்? தெருவே என்னைப் பார்த்தது. அழுதுவிட்டேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, சத்தியமாகக் கேட்கவில்லை.

கயல்தான் என் தோளைத் தொட்டாள். "ஏன் சித்தி அழுவுற? அம்மாதான் உள்ள இருக்கேன்னு சொல்லிட்டாங்கல்ல?"

"அந்த நாவலப் படிச்சியாடி?" என்று அவளை உலுக்கினேன். "எந்த நாவலு?" என்றாள். அது உன் பீரோவில், புடவைகளுக்கு அடியில் கிடக்கிறது. சாவி அன்றைக்கும் என் இடுப்பில்தான் இருந்தது.

அவளைக் கொண்டுபோய் ஹாஸ்டலில் சேர்த்தேன். வகுப்பை விட்டுவிட்டு, சங்கு நேரத்துக்குச் சரியாக பஸ் ஏறி வந்து நிற்கிறாள். "அம்மா கூடத்துக்கு வந்துட்டாங்க சித்தி" என்கிறாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். என் வீட்டுக்காரரிடம் சொன்னால், "அம்மாவப் பறிகுடுத்த புள்ள ஏதோ பேசுது, வுடு" என்கிறார்.

நேற்று நான் கூப்பிட்டபோது கயல் குரல் கொடுக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் ஒரு கால் வாசற்படியில். கையைப் பிடித்து இழுத்துத் தெருவில் தள்ளினேன். படி நனைந்திருந்தது. மழை என்றாள். இங்கே மழை பெய்து எவ்வளவு நாளாயிற்று?

இன்று காலையில் நாவலை மறுபடி படித்தேன். கடைசி அத்தியாயத்தில் ஒரு வரியை அன்றைக்குத் தாண்டிப் போயிருக்கிறேன். வடிவு உள்ளே போகும் முன்னாலேயே அவள் மகள் படியில் கால் வைத்துவிட்டாள். வடிவு மகளை விட்டுவிட்டுப் போகவில்லை, மகளுக்கு முந்திக்கொண்டாள். கூப்பிட்டவள் போனால் அது அடங்கிவிடும் என்று நம்பியிருக்கிறாள். அடங்கியதா என்று எழுதியவர் சொல்லவில்லை. பாவி, அதையாவது சொல்லியிருக்கக் கூடாதா?

உள்ளே இருப்பது நீதானா அக்கா? நீ என்றால் பெற்ற பிள்ளையை இப்படி இழுப்பாயா? நீ இல்லையென்றால், உன் குரல் அதற்கு எப்படிக் கிடைத்தது?

கயல் வந்துவிட்டாள், வாசலில் நிற்கிறாள். உனக்குச் சத்தியம் செய்கிறேன்: உன் மகள் இந்தப் படியைத் தாண்ட மாட்டாள். சங்கு ஊதியதும் அவள் பேரைச் சொல்வேன். அவள் "வெளிய இருக்கேன்" என்று சொல்கிறவரை நிற்பேன். அப்புறம் கதவை உள்பக்கமாகத் தாழ் போட்டுக்கொள்வேன்.

உன் கூடப்பிறந்தவள்,
செல்வி