தொப்பை வைத்த எழுத்துகள்

பிப்ரவரி 3
ஃப்ளோரிஸ் ஆம்ஸ்டர்டாமிலிருந்து போன் செய்தான். எழுத்துருக்களை விற்கும் நிறுவனத்தில் அவன் வைத்ததுதான் சட்டம். நான் வரைந்த 'மொல்லிக்' எழுத்துரு (டச்சில் 'கொழுகொழு') வேண்டாமாம். "தனித்தனியாப் பாத்தா சிரிப்பு வருது, டினெக்கே. ரெண்டைப் பக்கத்துல வெச்சா சண்டை போடுது. இதுல யாரு ஒரு வரி படிப்பா?"

நாலு வருட உழைப்பு. B-க்கு விருந்து முடிந்த தொப்பை. R காலை நீட்டி உட்கார்ந்திருக்கும். அவன் சொன்னது உண்மை என்பதுதான் எரிகிறது. இதுவும் போனால், பழையபடி பார்க்கிங் பலகைகளுக்கு எழுத்து வரையப் போக வேண்டியதுதான்.

பிப்ரவரி 4
என் கணவன் ஹார்ம் பட்டாணி சூப் வைத்தான். என் முகத்தைப் பார்த்ததும் கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு நழுவினான். பிழைக்கத் தெரிந்தவன்.

பிப்ரவரி 19
எழுத்து தனியாக நிற்கிற இடம் ஒன்று இருக்கிறதே! சின்டர்கிளாஸ் தாத்தா பரிசு தரும் மாலை, டிசம்பர் ஐந்து. ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரின் முதல் எழுத்து, சாக்லெட்டில். ஒரே ஒரு எழுத்து. சண்டை போடப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? இத்தனை நாள் தோன்றவில்லையே, மண்டு!

நேரே தோழி ரெய்னூவின் சாக்லெட் பட்டறைக்குச் சைக்கிளை மிதித்தேன். வரைந்ததைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். "செய்யலாம். ஆனா எல்லா எழுத்தும் இருநூறு கிராம் இருக்கணும். அக்காவுக்குக் கொஞ்சம் கூடினாலும் தங்கச்சி வீட்டை ரெண்டாக்கிடுவா."

மே 7
எடை போட்டோம். W இருநூற்று முப்பது. I நூற்று நாற்பது.

"எல்லார் கடையிலயும் I குச்சிதான்," என்றாள் ரெய்னூ. "அடியில ஒரு சாக்லெட் கட்டையை ஒட்டி எடையை ஒப்பேத்துவாங்க. I-ல பேரு ஆரம்பிக்கிற புள்ளைங்க மூஞ்சியப் பாத்திருக்கியா?" ஜூன் முடிவதற்குள் சரியாகாவிட்டால் இந்த வருடமும் பழைய அச்சுதானாம்.

மே 8
W-ஐ வயிற்றை எக்கச் சொல்லிவிட்டேன். I அசைய மாட்டேன் என்கிறது.

மே 15
I. I. I. சனியன்.

மே 26
அது ஏன் குச்சியாகவே இருக்க வேண்டும்? யார் சொன்னது? மூன்று ஸ்வெட்டர் போட்டு நடக்க முடியாமல் நிற்கிற குழந்தை மாதிரி வரைந்தேன். ஹார்ம் எட்டிப் பார்த்தான். "யாருடி இந்தக் குண்டு?"

ஜூன் 11
W இருநூறு. I இருநூறு! ரெய்னூ நம்பாமல் தராசை இரண்டு தடவை தட்டிப் பார்த்தாள். கட்டிப் பிடித்துக்கொண்டு குதித்தோம். என் கோட்டு முழுக்கச் சாக்லெட்.

நவம்பர் 23
ரெய்னூ போனில் கத்தினாள்: "I தீந்து போச்சுடி! வௌட்டர், ஹேங்க்னு பேரு வெச்சவனெல்லாம் I கேக்குறான். உங்க பேரு அதுல ஆரம்பிக்கலையேன்னா, 'அதனால என்ன, அந்தக் குண்டுதான் வேணும்'கிறான்!"

டிசம்பர் 2
ஃப்ளோரிஸ். மகளுக்கு ஒரு L கிடைக்குமா என்று கேட்டான்.
"வரிசையில நில்லு," என்றேன். ஆகா, என்ன சுகம்!

டிசம்பர் 5
பரிசு மூட்டையைப் பிரித்தோம். ஹார்ம் தலையைச் சொறிந்தான். ஊர் முழுக்க அலைந்தும் என் பெயரின் முதல் எழுத்தான T, நான் வரைந்தது, ஒன்றுகூட அகப்படவில்லையாம். எல்லாம் விற்றுப் போய்விட்டன. சூப்பர்மார்க்கெட்டில் மிச்சமிருந்த, விறைத்துக்கொண்டு நிற்கிற ஒரு சாதா T-ஐ என் கையில் வைத்தான்.

யாருக்கும் ஒரு துண்டுகூடக் கொடுக்காமல் முழுவதையும் நானே தின்றேன்.